பச்சை விளக்கு எரிஞ்சுச்சு

அடுத்த புதன்கிழமையா ஆபரேஷன்? குரல்வளையை முழுசாவே எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்களா? எங்க அத்தானுக்கும் அதேதான் அண்ணாச்சி. இதே டாக்டர்தான். நல்ல கை. உயிருக்கு ஒண்ணும் ஆகாது, அதை நெனச்சு நீங்க தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. நான் கேக்க வந்தது வேற. உங்க அண்ணன் குரலைப் பதிஞ்சு வெச்சுட்டீங்களா?

இல்லையா? யாரும் சொல்லலையா?

அப்ப நீங்க என் பக்கத்துல வந்து உக்காந்தது நல்லதாப் போச்சு. உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தொண்ணா? இப்பதான் பத்தொன்பது போகுது. எங்க அத்தான் உள்ள இருக்காரு, கழுத்துக் குழாயைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாக்குறாங்க. நேரமாகும். நான் சொல்றேன், கேளுங்க.

என் பேரு காளிராஜ். அருப்புக்கோட்டை. ஆடியோ, வீடியோ எடிட்டிங் கடை வெச்சிருக்கேன். கோயில் பாட்டு, எலக்சன் விளம்பரம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் நம்மகிட்டதான். சவுண்டுல எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, அந்தா எதிர் பெஞ்சுல நீலப் பையை மடியில வெச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கு பாருங்க, அது எங்க அக்கா. ஜெயக்கொடி. கூடப் பிறந்த அக்கா. நாலு மாசமா என்கூடப் பேச்சில்லை. மாசம் ஒருதடவை நான்தான் கார்ல கூட்டிட்டு வர்றேன், கூட்டிட்டுப் போறேன். ஏறும், இறங்கும். ஒரு வார்த்தை கிடையாது. நான் பேசுறது அதுக்குக் கேக்கும். கேக்கட்டும். கேக்கணும்னுதான் சத்தமாவே சொல்றேன்.

அத்தான் பேரு வெயிலுமுத்து. டவுன் பஸ் கண்டக்டர், முப்பத்தொரு வருஷம். விசிலைச் சட்டைப்பையில வெச்சிருப்பாரே ஒழிய ஊத மாட்டாரு. படியில நின்னு ‘போலாம்’னாருன்னா பின்னால வர்ற லாரிக்காரனும் பிரேக்கை விட்டுருவான், அப்படிக் குரல். அந்தக் குரல் ஒரு வருஷமா கரகரன்னு ஆகி, சளி சளின்னு மருந்து குடிச்சு, கடைசியில இங்க வந்து பாத்தா குரல்வளையில கட்டி. மொத்தமா எடுக்கணும், எடுத்துட்டாக் குரல் கிடையாதுன்னுட்டாங்க.

இங்கே பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு மேடம் இருக்காங்க, நீங்களும் பாப்பீங்க. அவங்கதான் ஒரு தாளைக் குடுத்தாங்க. நூத்தி இருவது வாக்கியம். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’, ‘வலி இடது பக்கம் இருக்கிறது’, ‘மின்விசிறியை நிறுத்துங்கள்’ இப்படி. இதையெல்லாம் அவரு குரல்ல பதிஞ்சு குடுத்தா, அதை வெச்சுக் கம்ப்யூட்டரே அவரு குரல் மாதிரிப் பேசுமாம். போன்ல டைப் பண்ணாப் போதும், அவரே சொல்ற மாதிரிக் கேக்குமாம். ‘அமைதியான ரூம்ல எடுங்க, போன்ல எடுத்தாக்கூடப் போதும், ஆனா இரைச்சல் இருக்கக் கூடாது’ன்னாங்க. இரைச்சல் இருக்கக் கூடாதுன்னு சொன்னப்புறம் போன்ல எடுக்கலாமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. வீட்டுல சவுண்டுக்காரன் ஒருத்தன் இருக்கான், நல்ல மைக் இருக்கு, ஆடியோ பெட்டி இருக்கு, அவன் போன்ல எடுத்தா ஊரு சிரிக்காதா?

எங்க அக்கா அன்னைக்கு ராத்திரியே போனைத் தூக்குச்சு. ‘இப்பவே ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி எடுத்துருவோமா காளி?’ன்னுச்சு. நான்தான் வேண்டாம்னேன். ‘தொண்டையை வீணாக்காதக்கா, அவரு பேசப் பேச வீங்குது. ஒரே தடவை, சுத்தமா எடுத்துருவோம்’னேன். சரின்னுருச்சு. அன்னையிலேருந்து அத்தான் பேச்சையே நிறுத்திட்டாரு. பதிவுக்காகச் சேத்து வெச்சாரு. நாலு நாளு. கையைக் காட்டுவாரு, சிலேட்டுல எழுதுவாரு. அவங்க மக போன் பண்ணா, இவரு காதுல வெச்சுக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவாரு. அவளுக்கு அது தெரியுமா? ‘அப்பா, அப்பா’ன்னு கத்துவா.

அவரு குரல் அதுக்கு முன்னாடி எங்கேயுமே பதிவாகலை, அதையும் சொல்லிர்றேன். மக கல்யாண வீடியோவுல பேசியிருக்காரு, வாசல்ல நின்னு வந்தவங்களையெல்லாம் ஒவ்வொருத்தரா வாங்கன்னு கூப்பிட்டாரு. ஆனா அந்த இடத்துல பாட்டு ஓடும். அவரு சத்தத்தை எடுத்துட்டு நான்தான் போட்டேன். எல்லாக் கல்யாணத்துக்கும் அந்த இடத்துல பாட்டுத்தான் போடுறது.

வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குள்ள இங்க வந்து படுக்கை சேரணும். வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். ஒண்ணரைக்குக் கிளம்பினாத்தான் சரியா வரும். நான் காலையில ஒன்பதேகாலுக்கே அக்கா வீட்டுல போய் நின்னுட்டேன். மைக், ஸ்டாண்டு, மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புற ஆடியோ பெட்டி, லேப்டாப்பு. கடைக் கம்ப்யூட்டர்ல இந்தப் பெட்டி பத்து வருஷமா ஓடுது, ஒரு நாளு மக்கர் பண்ணதில்லை. ஆனா கடை மெயின் ரோட்டுல இருக்கு, லாரிச் சத்தம். அதனால வீட்டுலயே எடுக்கலாம்னு புது லேப்டாப்பைக் கொண்டு போனேன். அஞ்சு நிமிஷ வேலைன்னுதான் நெனச்சேன். முந்தின நாளே லேப்டாப்புல மாட்டிப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. முந்தின நாளு ஒரு வளைகாப்பு வேலை அண்ணாச்சி, அவங்களுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்ல.

ரூமுக்குள்ள எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஜன்னலைச் சாத்தி மேல போர்வையைத் தொங்கவிட்டேன். பிரிட்ஜை நிறுத்துனேன். மின்விசிறியை நிறுத்துனேன். ஏப்ரல் மாசம். அத்தான் நாற்காலியில தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, தாளைக் கையில வெச்சுக்கிட்டு, பரிச்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உக்காந்திருந்தாரு. அக்கா கட்டில்ல.

பெட்டியை மாட்டுனேன். சிவப்பு விளக்கு எரியுது. பச்சை வரணும், வரலை. லேப்டாப்புல போய்ப் பாத்தா பெட்டி பேருக்குப் பக்கத்துல ஒரு மஞ்ச முக்கோணம், அதுக்குள்ள ஆச்சரியக்குறி. அது வந்துச்சுன்னா டிரைவர் இல்லைன்னு அர்த்தம். டிரைவர்னா வேற ஒண்ணுமில்லை அண்ணாச்சி, பெட்டி பேசுறது லேப்டாப்புக்குப் புரியாது, நடுவுல ஒரு சின்ன புரோகிராம் இருந்து எடுத்துச் சொல்லணும். அதைப் போடாட்டி மைக்ல என்ன கத்தினாலும் உள்ள போகாது.

‘டிரைவர் போடணும் அத்தான், இந்தா ஆயிரும்’னேன். அவரு நாலு நாளைக்கப்புறம் வாயைத் திறந்தாரு. ‘டிரைவர் இல்லாமலா மாப்ள வண்டியை எடுத்துட்டு வந்த?’ன்னாரு. அக்கா சிரிச்சிருச்சு. நான், ‘பேசாதீங்க அத்தான், தொண்டையைச் சேமிங்க’ன்னேன்.

டிரைவரை நெட்டுல இருந்து இறக்கணும். அவங்க வீட்டுல நெட் கிடையாது. என் போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். ஆமை மாதிரி இறங்குது. அரை மணி நேரம். இறங்கினதைத் தட்டுனா, ‘உங்க பெட்டி இதுல இல்லை’ங்குது. என்னடான்னு பெட்டியைக் கவுத்துப் பாத்தா, அடியில சின்ன எழுத்துல முதல் மாடல்னு போட்டிருக்கு. நான் இறக்குனது ரெண்டாவது மாடலுக்கு. ரெண்டும் ஒரே பேரு, ஒரே நெறம். எவனுக்கும் இந்தத் தப்பு வரும். பழையதைத் தேடி இறக்க ஆரம்பிச்சேன். பாதியில என் போன்ல அன்னைக்கு டேட்டா தீந்துபோச்சு.

மணி பத்தேமுக்கால். அக்கா எந்திரிச்சு வந்து போனை நீட்டுச்சு. ‘காளி, இதுல எடுத்துர்றேன்டா. பாதியாவது எடுத்துருவோம்’னுச்சு. நான் வாங்கிட்டேன். ‘நல்ல வேளைக்கா, உன் போன்ல டேட்டா இருக்கும்ல’ன்னு அதுல ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஜன்னல் மேல வெச்சேன், அங்கதான் சிக்னல். அது கொஞ்ச நேரம் கையை நீட்டுன மாதிரியே நின்னுச்சு. அப்புறம் போய் உக்காந்துருச்சு.

இதைத்தான் அண்ணாச்சி இன்னைக்கு வரைக்கும் மனசுல வெச்சிருக்கு. ‘போனைப் புடுங்கிட்டான்’னு அவங்க மககிட்டச் சொல்லியிருக்கு. நான் புடுங்கலை. நீட்டுச்சு, வாங்குனேன்.

சரி, சரியான டிரைவர் இறங்கிருச்சு. போட்டா, ஏற மாட்டேங்குது. புது லேப்டாப்புல பாதுகாப்புக்குன்னு ஒரு பூட்டு இருக்கு, பழைய டிரைவரை உள்ளயே விடாது. அது எங்கே இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சுத் திறந்தேன். எங்க ஊர்ல எத்தனை பேருக்கு அது தெரியும்னு நெனைக்கிறீங்க? ஆனா திறந்தா லேப்டாப்பை ஒருதடவை அணைச்சு ஆன் பண்ணணும். அணைச்சேன்.

ஆன் ஆகலை. திரை நீலமாகி, ‘அப்டேட் நடக்குது, அணைக்காதீங்க’ன்னு வருது. நாலு சதவீதம்.

அண்ணாச்சி, அந்த நேரத்தை எப்படிச் சொல்றது? மூணு பேரும் அந்தத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். ஏழு. பதினொண்ணு. பதினொண்ணுலயே பத்து நிமிஷம் நிக்குது. அத்தானுக்கு வேர்த்து ஊத்துது, துண்டால நெஞ்சைத் துடைச்சுத் துடைச்சுப் போடுறாரு. மின்விசிறியைப் போடுவோம்னு அக்கா எந்திரிச்சா, ‘இருக்கா, இந்தா முடிஞ்சிரும், போட்டா அப்புறம் தூசி பறக்கும், இருமுவாரு’ன்னு நான் உக்கார வெச்சேன். இருபத்தாறு. முப்பது. அத்தான் கடியாரத்தைப் பாக்கலை. என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அது தாங்கலை. ‘ஏன் அத்தான், குடிக்க எதுவும் வேணுமா?’ன்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுனாரு. முப்பதுலேருந்து ஒரே தாவா எழுவது. மறுபடியும் நிக்குது. அப்ப அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. ‘இது முடியாட்டி என்ன செய்றது?’

‘முடியும்கா’ன்னேன். எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. சவுண்டுல இருக்குறவனுக்குப் பொறுமை வேணும்.

பன்னெண்டே காலுக்குத் திறந்துச்சு. டிரைவர் ஏறுச்சு. பெட்டியில பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. நான் கையைத் தட்டிட்டேன், கூச்சமில்லாமச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. ‘அத்தான், ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க’ன்னேன்.

சொன்னாரு. போட்டுக் கேட்டா குரலுக்கு நடுவுல படபட படபடன்னு வெடிக்குது. பெட்டி ஒரு வேகத்துல அனுப்புது, லேப்டாப்பு வேற வேகத்துல வாங்குது. அதை ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கணும். மாத்துனேன். ‘இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான்.’ மறுபடியும் படபட. ‘இன்னொரு தடவை.’ இப்படி ஏழெட்டுத் தடவை. ஏழாவது தடவை அவரு ஒண்ணு ரெண்டு சொல்லலை, ஊர்ப் பேரையெல்லாம் வரிசையாச் சொன்னாரு, அவரு பஸ்ல கூப்பிடுற மாதிரி. பாளையம்பட்டின்னு ஆரம்பிச்சு. மெதுவாத்தான் சொன்னாரு. அதுலயும் வெடிச் சத்தம் இருந்துச்சு. அழிச்சுட்டேன். டெஸ்ட்டை எவனும் சேத்து வைக்க மாட்டான் அண்ணாச்சி.

கடைசியா டிரைவரோட செட்டிங்ல போய் வேகத்தை மாத்துனேன், பதிவு பண்ற சாப்ட்வேர் தானா மூடிக்கிருச்சு. திரும்பத் திறந்தேன். ஹெட்போனைப் பெட்டியில சொருகிக் காதுல வெச்சுட்டு, ‘இப்பச் சொல்லுங்க’ன்னேன். தேன் மாதிரிக் கேட்டுச்சு. கரகரப்பு உட்பட ஒவ்வொரு மூச்சும் கேட்டுச்சு. வெடிச் சத்தமே இல்லை. திரையில சத்தத்தைக் காட்டுற பட்டை அவரு பேசுறதுக்குத் தக்கன ஏறி இறங்குது. பெட்டியில பச்சை எரியுது. மணி பன்னெண்டே முக்கால். இனிமே போட்டுக் கேக்க நேரமில்லை, ஆரம்பிச்சுட்டேன்.

ஒண்ணாம் வாக்கியம், ரெண்டாம் வாக்கியம். நான் சும்மா உக்காந்திருக்கலை. ‘தண்ணீர்னு தெளிவாச் சொல்லுங்க அத்தான், தண்ணின்னு சொல்லாதீங்க.’ ‘அவசரப்படாம.’ ‘இன்னொரு தடவை.’ அவரு படிக்கப் படிக்க நான் திருத்திக்கிட்டே இருக்கேன். கம்ப்யூட்டருக்குச் சுத்தமா வேணும்ல. பதினஞ்சாவதோ பதினாறாவதோ ஓடுறப்ப அக்கா, ‘தாளை வெச்சுட்டு அவரா ஏதாச்சும் பேசட்டுமேடா’ன்னுச்சு. ‘அதுக்கெல்லாம் டைம் இல்லைக்கா, குறுக்க பேசாத, பதிவாகும்’னேன்.

இருபத்தாறாவதுல வாசல்ல ஹாரன். நாங்க கூப்பிட்டிருந்த வாடகைக் கார் வந்துருச்சு. அந்த டிரைவரை ஹாரன் அடிக்காதய்யான்னு சொல்லப் போனேன். அவன் நிறுத்துன இடம் சரியில்லைன்னு பக்கத்து வீட்டுக்காரரு சத்தம் போட, அதைச் சமாதானம் பண்ணிட்டு உள்ள வந்து பாத்தா ஜன்னல் திறந்து கெடக்கு. காக்கா கத்துறது உள்ள வருது. ‘ஏங்க்கா இப்படிப் பண்றே’ன்னு சாத்திட்டு, ‘இருபத்தேழு அத்தான்’னேன்.

அதுக்கப்புறம் குரல் இறங்க ஆரம்பிச்சிருச்சு. நாப்பதுக்கு மேல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல தண்ணி. அம்பது. அம்பத்தொண்ணு. அம்பத்திரண்டாவது, ‘எனக்கு இப்போது பரவாயில்லை’. வாயைத் திறக்குறாரு, காத்து மட்டும் வருது. ‘இன்னொரு தடவை அத்தான்’னேன். காத்து. கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. ‘கொஞ்சம் மூச்சை இழுத்துவிட்டு, இன்னொரு தடவை.’ அவரு தாளை மடிச்சு மடியில வெச்சாரு. அக்கா எந்திரிச்சு வந்து என் காதுல இருந்த ஹெட்போனைக் கழட்டிக் கீழ வெச்சுச்சு. மணி ஒண்ணு முப்பத்தெட்டு.

ஆனாலும் அம்பத்தொரு வாக்கியம் கிடைச்சுச்சுல்ல? கார்ல வர்றப்ப நான் அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். ‘அம்பது போதும்னு மேடம் சொல்வாங்க பாருங்க அத்தான்’னு.

ஆபரேஷன் நல்லா நடந்துச்சு. மூணாம் நாளு நான் கடையில உக்காந்து பதிவைப் போட்டேன்.

என் குரல் வந்துச்சு அண்ணாச்சி.

கணீர்னு. ‘தெளிவாச் சொல்லுங்க அத்தான். இன்னொரு தடவை. அவசரப்படாம.’ பளிங்கு மாதிரி. அத்தான் குரல் எங்கேயோ அடுத்த வீட்டுல இருந்து பேசுற மாதிரி அடியில கெடக்கு. என்ன நடந்திருக்குன்னா, நான் கடைசியா வேகத்தை மாத்துனப்ப சாப்ட்வேர் மூடித் திறந்துச்சுல்ல, அப்ப அது ஆடியோ பெட்டியை விட்டுட்டு லேப்டாப்புக்குள்ள இருக்குற சின்ன மைக்கைத் தானா எடுத்துக்கிருச்சு. லேப்டாப்பு என் மடியில. அதான் நான் பக்கத்துல கேக்குறேன், அவரு தூரத்துல. ஹெட்போன் பெட்டியில மாட்டியிருந்ததால எனக்குப் பெட்டியில வர்றது கேக்குது, பதிவாகுறது வேற. பட்டையும் ஆடுது, பச்சையும் எரியுது. எவனுக்குச் சந்தேகம் வரும்? பச்சை விளக்கு எரிஞ்சுச்சு அண்ணாச்சி. நான் பொய் சொல்லலை.

பத்து நாளு யார்கிட்டயும் சொல்லலை. சொல்ற நெலமையில யாரு இருந்தா? அத்தான் மூக்குல டியூப்பு, அக்கா சோறு தண்ணி இல்லாம நிக்குது. அதுக்குள்ள சரி பண்ணிரலாம்னு பாத்தேன். என் குரலை மட்டும் வெட்டி எடுக்கப் பாத்தேன். முடியலை. அவரு வாக்கியத்தை முடிக்குறதுக்குள்ள நான் ஆரம்பிச்சிருக்கேன். ஒவ்வொண்ணுலயும். எனக்கே தெரியாது நான் அப்படிப் பேசுறேன்னு.

அப்புறம் இங்க மேடம் பைலைக் கேட்டாங்க. குடுத்தேன். அவங்க ரூம்லயே ஸ்பீக்கர்ல போட்டாங்க. அக்காவும் நானும் நின்னுக்கிட்டு இருக்கோம். நாலு வாக்கியம் கேட்டாங்க. ‘ரெண்டு பேரு குரல் கலந்திருக்கே, இதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாதே’ன்னாங்க. அக்கா, ‘முழுசாப் போடுங்கம்மா’ன்னுச்சு. முழுசும் நின்னுக்கிட்டே கேட்டுச்சு. முடிஞ்சதும் பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிருச்சு. அன்னையிலேருந்துதான் இது.

ஆனா ஒண்ணு சொல்றேன், அதுல ஒரு இடம் சுத்தமா விழுந்திருக்கு. நான் கார்க்காரன்கிட்டப் போனேன்ல, அப்ப பதிவு ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. லேப்டாப்பைக் கட்டில் மேல வெச்சுட்டுப் போயிருக்கேன், அவரு நாற்காலிக்குப் பக்கம். அவங்க பேசுனது மட்டும் நாப்பத்துமூணு செகண்டு. அத்தான், ‘கொடி, என் கண்ணாடியைப் பையில வெச்சியா?’ங்கிறாரு. அக்கா, ‘வெச்சிருக்கேன்’ங்குது. அப்புறம் அவரு, ‘அவனைத் திட்டாத’ங்கிறாரு. ‘நான் எங்க திட்டுனேன்?’ ‘மொறைக்கிற.’ அப்புறம் ஒரு இருமல். ‘அந்த ஜன்னலைத் திற, மூச்சு முட்டுது’ங்கிறாரு. கொண்டி விழுற சத்தம். காக்கா. அவ்வளவுதான். அப்புறம் நான் வந்துர்றேன்.

அதை மட்டும் வெட்டி, கொஞ்சம் சத்தத்தை ஏத்தி, அக்கா போனுக்கு அனுப்புனேன். ரெண்டு நீல டிக்கும் விழுந்துச்சு. தெனம் காலையில விளக்கேத்திட்டு உக்காந்து கேக்குதாம், அவங்க மக சொன்னா. எனக்கு என்ன ஆத்திரம்னா அண்ணாச்சி, அதுலயே ‘அவனைத் திட்டாத’ன்னு அவரு சொல்றாரா இல்லையா? தெனம் அதைக் கேட்டுட்டும் என்கூடப் பேசலைன்னா அது என்ன நியாயம்? திட்டலைதான். நாலு மாசத்துல ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், தீந்திருக்கும்.

அத்தானுக்கு என் மேல கோபமே கிடையாது. போன மாசம் அவருகிட்ட, ‘முழுப் பதிவையும் நீங்க ஒரு தடவை கேளுங்க அத்தான்’னு நானே கடையில உக்கார வெச்சுப் போட்டேன். பொறுமையாக் கேட்டாரு. அப்புறம் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டுனாரு. ‘உன் குரல் நல்லா விழுந்திருக்கு மாப்ள.’ அதை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாக்குறீங்களா? பாருங்க. அவரு கையெழுத்துத்தான். இதுல கோபம் எங்கே இருக்கு? எழுதிட்டுச் சிரிச்சாரு. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம்...

சரி, அதை விடுங்க.

நான் சொல்ல வந்தது என்னன்னா, உங்களுக்கு அந்தக் கஷ்டமே வேண்டாம். இப்ப லேப்டாப்புல எல்லா டிரைவரும் சரியாப் போட்டு வெச்சிருக்கேன். அந்தச் சின்ன மைக்கையே செட்டிங்ல அடைச்சுட்டேன், இனிமே அது குறுக்க வராது. நீங்க கோவில்பட்டிதான? ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துத் தர்றேன். அண்ணனை அதுவரைக்கும் பேச வேண்டாம்னு சொல்லுங்க, தொண்டையைச் சேத்து வைக்கட்டும். நம்பர் சொல்லுங்க, போட்டுக்கிறேன். தொண்ணூத்தி எட்டு...

என்னக்கா?

கேட்டுச்சா அண்ணாச்சி? உங்களைப் பாத்துத்தான் சொல்லுது. ‘போன்லயே எடுங்க அண்ணாச்சி. இன்னைக்கே எடுங்க. என்னமாச்சும் பேசட்டும்’ங்குது.

நாலு மாசம் கழிச்சு என் முன்னாடி வாயைத் திறந்திருக்கு. என்கிட்ட இல்லை. உங்ககிட்ட.

ம்.

சரி, போங்க. உங்க அண்ணன் அந்த ஜன்னலோரமாத்தான உக்காந்திருக்காரு? அங்கேயே எடுங்க. மின்விசிறி ஓடட்டும், டோக்கன் கூப்பிடுற சத்தமும் விழட்டும், பரவாயில்லை. உங்க நம்பர் வந்தா நான் வந்து தோளைத் தொடுறேன். கூப்பிட மாட்டேன்.